பழைய கூத்து, புதிய வேடம்

மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. ருவான்வெல்லையைச் சூழ்ந்த றப்பர்த் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இதனை எவரும் விளக்க வேண்டுவதில்லை. வெட்டிய பட்டையில் நீர் வழிந்தால் சிரட்டையில் சேர்வது பாலன்று, வெறுந் தண்ணீரே. ஆதலின் வானம் இருண்ட காலைகளில் வேலையுமில்லை, அன்றைய பேருமில்லை. அத்தகைய நாட்களில் பெரியவர்கள் லயத்து இஸ்தோப்பில் தேநீரும் பேச்சுமாக அமர்ந்திருக்க, பிள்ளைகள் நால்வர் ஐவர் ஒரே கைத்தொலைபேசியைச் சூழ்ந்து குந்தியிருக்கும் காட்சியை இன்று எந்தத் தோட்டத்திலும் காணலாம். சின்னஞ்சிறு திரையிலே மஞ்சள் நிற வாயொன்று திறந்தும் மூடியும் புள்ளிகளைத் தின்றுகொண்டு ஓடுகின்றது. நான்கு பேய்கள் அதனைத் துரத்துகின்றன. "ஏதடா இது புது விளையாட்டு?" என்று எட்டிப் பார்க்கும் தகப்பனார் வினவுகின்றார். "இப்பதான் வந்திச்சுப்பா" என்கிறான் பையன்.

பையன் கூறுவது பாதி உண்மை. அந்த மஞ்சள் வாயின் பெயர் பாக்மேன். அது முதன்முதல் பொதுமக்கள் கண்ணிற்பட்டது 1980ஆம் ஆண்டு மே மாதம், யப்பானின் தோக்கியோ நகரத்து ஷிபுயாப் பகுதியிலே. பையன் பிறக்குமுன், ஒருவேளை தகப்பனாரே பிறக்குமுன், பிறந்த ஆட்டம் அது. அக்காலத்தில் நமது நாட்டிலே தொலைக்காட்சியே கைக்குழந்தை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் கொழும்புச் சுற்றுவட்டாரத்திற்கென ஆரம்பமாயிற்று. ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரியில். மின்சாரமே எட்டாத லயங்கள் அன்று எத்தனையோ. ஆகவே நமது தோட்டங்கள் அந்த ஆட்டத்தின் மூலத்தைக் கண்டதில்லை. நாம் காண்பதெல்லாம் அதன் மறுபிறப்புக்களையே. மூலத்தை அறியாதவர்க்கு மறுபிறப்பு நல்லதா கெட்டதா என்று எங்ஙனம் தெரியும்? இவ்வினாவே இவ்வாரம் நம்மை இதனை எழுதத் தூண்டிற்று.

ஆயினும் மறுபிறப்பை எடைபோடுங் கலை தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. மாசி மாதத்தில் காமன் கூத்து ஆண்டுதோறும் நடக்கின்றது. கதை எல்லோருக்கும் மனப்பாடம். மன்மதன் அம்பு தொடுப்பான், சிவன் எரிப்பார், ரதி புலம்புவாள் என்பதை அறியாத பிள்ளையும் அங்கில்லை. எனினும் விடியும்வரை கண்விழித்துப் பார்க்கின்றோம். ஒலிபெருக்கி புதிதாக வரலாம், விளக்குகள் நிறம் மாறலாம், வேடம் பளபளக்கலாம். எவருங் குறை கூறார். மதனை எரிக்காமற் போனால் மட்டும் தோட்டமே எழுந்து நின்று கேட்கும். எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்னும் விவேகம் பார்வையாளரிடம் உண்டு. அவ்விவேகத்தைக் கொண்டே இந்த யந்திர ஆட்டங்களையும் பார்ப்போமாக.

முதலிலே நம்மிடம் வந்து சேர்ந்த மறுபிறப்பைச் சொல்லவேண்டும். யப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ 1983 ஜூலையில், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து வீட்டிலேயே ஆடத்தக்க ஒரு சாதனத்தை விற்பனைக்கு விட்டது. அதனைப் பார்த்துப் பிறர் செய்த மலிவான போலிகள் ஆசிய நாடுகளின் கடைத்தெருக்களில் நிறைந்தன. 'டீவி கேம்' என்று நமது சனங்கள் அழைத்தது அதனைத்தான். மஞ்சள் நிறக் கசெட், இரண்டு கைப்பிடிகள், பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்று. கசெட்டின் மேல் ஆயிரக்கணக்கிலே ஆட்டங்கள் உள்ளனவென்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவையோ விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆட்டங்களே, பெயரையும் வேகத்தையும் சற்றே மாற்றித் திரும்பத் திரும்ப வரும். வியாபாரிகளின் கணித சாமர்த்தியத்தை மெச்சவே வேண்டும்! பெரிய பெட்டியில் ஓடிய ஆட்டத்தை வீட்டுச் சாதனத்திற்கெனச் சுருக்கினார்கள். அச்சாதனத்திற்கும் போலி வந்தது. அப்போலியிலே ஆடியதே நமது தலைமுறை. நகலின் நகலைக் கண்டே நாம் வளர்ந்தோம்.

மூல யந்திரங்கள் எப்படி இருந்தன? ஆளுயரப் பெட்டி, உள்ளே திரை, கீழே காசு போடும் துளை. அமெரிக்காவில் அட்டாரி நிறுவனம் 1972இல் செய்த பொங் என்னும் ஆட்டத்தை, கலிபோர்னியாவில் ஒரு மதுச்சாலையிலே பரீட்சார்த்தமாக வைத்தார்கள். சில நாட்களில் பழுதாகிவிட்டது என்று அழைப்பு வர, பொறியியலாளர் போய்த் திறந்து பார்த்தார். பழுது வேறொன்றுமில்லை, காசு நிரம்பி வழிந்து யந்திரத்தை அடைத்துவிட்டிருந்தது. அந்தக் காசுத் துளையை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகின்றோம். பின்னர் அதனிடம் மீண்டும் வருவோம்.

இவ்வகை ஆட்டங்களுள் நம்மை மிகவும் வியக்கவைப்பது 1978இல் டைட்டோ நிறுவனத்திற்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ என்பவர் ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ். ஆகாயத்திலிருந்து ஐந்து வரிசையாய், வரிசைக்குப் பதினொன்றாய், 55 வேற்றுலகப் பிராணிகள் பக்கவாட்டில் நடந்து நடந்து கீழே இறங்குகின்றன. கீழே நாம் ஒரு பீரங்கியோடு நான்கு அரண்களின் மறைவில் நிற்கின்றோம். மனிதரைச் சுடும் ஆட்டம் கூடாதென்பதனால் எதிரிகளுக்குக் கணவாய், நண்டு, எண்காலி முதலிய கடற்பிராணிகளின் சாயல் கொடுக்கப்பட்டது. திரை கறுப்பு வெள்ளை. கண்ணாடியின்மேல் நிறத் தாளை ஒட்டி வர்ணங் காட்டினார்கள்.

இவ்வாட்டத்தின் உயிர்நாடி ஒன்றுண்டு. பிராணிகள் குறையக் குறைய, மிஞ்சியவை விரைந்து நடக்கும். கடைசி ஒன்று மின்னலெனப் பாயும். கூடவே நான்கு சுரங்கொண்ட தடித்த ஓசையும் இதயத் துடிப்புப் போல விரைவுபடும். ஆடுபவன் உள்ளங்கை வியர்க்கும். இது திட்டமிட்ட சூழ்ச்சியென்றே யாவரும் எண்ணுவர்; அன்று. அக்காலத்துக் கணினிக்கு வலுக் குறைவு. விநாடியின் அறுபதில் ஒரு பங்குக்கு ஒரு பிராணியையே அது நகர்த்தும். ஐம்பத்தைந்தும் உயிரோடிருக்கையில் முழுப் படையும் ஓரடி வைக்க ஏறக்குறைய ஒரு விநாடி செல்லும். பத்து மட்டும் எஞ்சினால் அதே வேலை விநாடியின் ஆறில் ஒரு பங்கில் முடிந்துவிடும். சுமை குறைந்த வண்டி விரைந்தோடுவது போன்றதே இது. நிஷிகாடோ இதனைக் கண்டார். குறையெனத் திருத்தாமல், ஆட்டத்திற்குச் சுவை கூட்டுகின்றதென்று அப்படியே விட்டார்.

இன்றைய கைத்தொலைபேசி அந்த யந்திரத்தைவிடப் பன்மடங்கு வல்லமை வாய்ந்தது. 55 அன்று, ஐயாயிரம் பிராணிகளையும் ஒரே கணத்தில் நகர்த்தும். ஆகவே அவ்வாட்டத்தை இன்று மீண்டும் ஆக்குபவன், வலிய யந்திரத்திற்குப் பழைய மெலிவைக் கற்பிக்க வேண்டியவனாகின்றான். மெதுவாக நடக்க வேண்டுமெனத் தனியே எழுதிவைக்க வேண்டும். எழுதாதவன் கையில் கிடைப்பது ஆட்டமன்று, அதன் சட்டை மட்டுமே. 1978க்கு முப்பது ஆண்டு நிறைந்த 2008இல் டைட்டோவே வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸ் எக்ஸ்ட்ரீம் என்னும் மறுஆக்கம், நிறங்களையும் இசையையும் வாரி இறைத்தது. எனினும் அணிவகுத்து இறங்கும் அச்சத்தை விடவில்லை. மதனை எரித்தே விட்டார்கள் என்று கூறலாம்.

பாக்மேனுக்கு வருவோம். அதனைச் சிருஷ்டித்தவர் நாம்கோ நிறுவனத்து இளைஞர் தோரு இவத்தானி. அப்போது வயது இருபத்தைந்து. சுடுதலும் கொல்லுதலுமாகவே இருந்த ஆட்டக் கூடங்களுக்குப் பெண்களும் வரவேண்டும் என்பது அவர் விருப்பம். அதனாற்றான் உண்ணுதலைப் பொருளாகக் கொண்டார். (லயத்திலோ தம்பிமார் ஆடித் தீர்த்தபின் அக்காளின் முறை வருவதற்குள் தொலைபேசியின் மின்கலம் தீர்ந்துவிடுகின்றது. இவத்தானி கேட்டால் வருந்துவார்.)

துரத்தும் நான்கு பேய்களும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயின் நான்கிற்கும் நான்கு குணம். சிவப்புப் பேய் நாம் நிற்கும் இடத்தையே நோக்கி வரும். இளஞ்சிவப்புப் பேயோ நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னே குறிவைத்து வழிமறிக்கப் பார்க்கும். நீலப் பேயின் கணக்கு, சிவப்புப் பேய் நிற்கும் இடத்தையும் சேர்த்துக்கொண்ட கணக்கு. செம்மஞ்சட் பேய் எட்டக் கட்டம் தொலைவில் இருக்கும்வரை வீரமாய்த் துரத்தும். கிட்ட வந்ததும் மனம் மாறித் தன் மூலைக்கு ஓடிவிடும். அத்தகைய வீரர்களை எல்லா ஊர்களிலும் நாம் கண்டிருக்கின்றோம். இவையெல்லாம் விதிப்படி நடப்பவை. பேய்கள் அஞ்சி நீலமாகும் நேரத்தைத் தவிர மற்றெப்போதும் தற்செயலுக்கு இடமில்லை. ஆகவே கவனித்து ஆடும் பிள்ளை அவற்றின் குணத்தைக் கற்றுக்கொள்ளும். எந்தப் பாதையிற் சென்றால் எந்தப் பேய் எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லும்.

இங்கேதான் பெற்றோர்க்கும் மாணவர்க்கும் ஒரு உரைகல் கிடைக்கின்றது. இலவசமாய்க் கிடைக்கும் மலிவான போலிகள் பலவற்றில் பேய்கள் மனம்போனபடி திரிகின்றன. அவற்றிலே நூறு முறை ஆடினாலும் கற்பதற்கு ஒன்றுமில்லை. தாயக்கட்டை உருட்டுவது போன்றதே. "அந்தச் சிவப்புப் பேய் இனி எப்பக்கம் திரும்பும்?" என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். பத்து நாள் ஆடிய பிள்ளை தயங்காமற் சொன்னால் ஆட்டம் நல்ல ஆட்டம். "அது சும்மா திரும்பும்" என்று சொன்னால், அதனை அழித்துவிடுவதால் நட்டம் ஒன்றுமில்லை.

இவத்தானி 2007இல் தம் கையாலேயே பாக்மேனுக்குப் புத்துயிர் கொடுத்தார். பாக்மேன் சாம்பியன்ஷிப் எடிஷன் என்பது அதன் பெயர். பழைய ஆட்டத்திலே ஒரு கூடத்தின் 240 புள்ளிகளையும் 4 பெரிய உருண்டைகளையும் தின்று முடித்தால் கூடம் புதிதாகும். புதியதிலோ கூடம் வலம் இடமெனப் பிளவுபட்டது. ஒரு பாதியைத் தின்று தீர்த்தால் மறுபாதியில் ஒரு பழம் தோன்றும். பழத்தைத் தின்றதும் தீர்ந்த பாதி புதிய சுவர்களோடு நிரம்பும். ஐந்தே நிமிட அவகாசம். ஓய்வேயில்லாத பாய்ச்சல். மறுஆக்கங்களுள் இதற்கே நாம் முதலிடம் அளிப்போம். பழையதைப் பளபளப்பாக்கும் வேலையில் நில்லாமல், பழையதின் கருவிலிருந்தே ஒரு புது விதியை முளைக்கவைத்தார் அவர்.

ஆக்கியோன் ஒருவனாயும் உரிமை மற்றொருவர் கையிலுமாய் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு டெம்பஸ்ட் என்னும் ஆட்டத்தின் கதையைச் சொல்வார்கள். 1981இல் அட்டாரி வெளியிட்ட அதனை, ஜெவ் மின்டர் என்னும் பிரித்தானியர் 1994இல் அட்டாரிக்காகவே மிகச் சிறப்பாகப் புதுப்பித்தார். பின்னர் 2014இல் அதே சாயலில் அவர் தாமாக ஒன்று செய்ய, பெயரை வைத்திருந்த நிறுவனம் ஆட்சேபித்தது. நான்கு ஆண்டுகளின் பின் அந்நிறுவனமே அவருடைய டெம்பஸ்ட் 4000ஐ வெளியிட்டது. வழக்கறிஞர் கடிதத்திற்கும் வரவேற்பு மாலைக்கும் இடையில் உள்ள தூரம் சில வேளைகளில் அவ்வளவுதான்.

இனிக் காசுத் துளைக்கு வருவோம். பழைய பாக்மேனில் ஒரு பிழை இருந்தது. எத்தனையாவது கூடம் என்பதை எண்ணும் இடத்தில் 255 வரையே எண்ண முடியும். ஆகவே 256ஆவது கூடத்தை எட்டிய அரிய ஆட்டக்காரர் கண்டது, வலப்பாதி முழுதும் எழுத்தும் குறியுமாய்ச் சிதைந்த திரையை. மேலே செல்ல வழியில்லை. இந்தச் சிதைவையே கருவாகக்கொண்டு அவுஸ்திரேலிய நிறுவனமாகிய ஹிப்ஸ்டர் வேல் 2015இல் பாக்மேன் 256 என்னும் கைத்தொலைபேசி ஆட்டத்தைச் செய்தது. பின்னாலிருந்து சிதைவு விழுங்கிக்கொண்டே வர, முடிவில்லாக் கூடத்தில் மேல்நோக்கி ஓடவேண்டும். பிழையையே பொருளாக்கிய சாதுரியம் போற்றத்தக்கது. ஆனால் அது வந்தபோது, சிறப்பு ஆயுதங்களோடு ஆட ஒவ்வொரு முறைக்கும் ஒரு 'கிரெடிட்' செலவாகும். தீர்ந்துபோனால் காத்திருக்க வேண்டும், அல்லது விளம்பரம் பார்க்க வேண்டும், அல்லது பணங் கொடுக்க வேண்டும். ஆளுயரப் பெட்டியில் இருந்த துளை உள்ளங்கைக்குள் வந்துவிட்டது!

ஒரு வேற்றுமை உண்டு. பழைய துளையிலே காசு போடும்போது காசு கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரியும். இன்றோ விளம்பரம் ஒவ்வொன்றும் தகப்பனார் ரீலோட் செய்த டேட்டாவிலிருந்து சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொள்கின்றது. மழை நாளில் கூலியில்லை. மழை நாளிலேதான் ஆட்டமும் அதிகம். இவ்விரண்டும் ஒரே நாளிற் கூடுவதைத் தோட்டத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டும். அத்தொலைபேசி எதற்காக வாங்கப்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. 2020 மார்ச்சில் கொரோனாவினாற் பாடசாலைகள் மூடப்பட்டபின், பாடங் கேட்கவென்று கடன்பட்டு வாங்கியோர் பலர். சிக்னல் தேடிப் பாறைமேலும் மரத்திலும் ஏறிய மாணவரைப் பத்திரிகைப் படங்களில் யாவரும் கண்டோம். அத்தனை பாடுபட்டுப் பெற்ற டேட்டாவைச் சவர்க்கார விளம்பரத்திற்குக் கொடுப்பதா? பழைய ஆட்டங்களின் மறுஆக்கங்களில் அநேகம் டேட்டா இணைப்பை நிறுத்திவிட்டாலும் நன்றாக ஓடும். இணைப்பில்லாமல் ஓடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆட்டம் எதற்காக அடம்பிடிக்கின்றது என்று ஒரு கணம் சிந்தியுங்கள்.

இணைப்பையே நம்பிய ஆட்டத்திற்கு இன்னொரு கதியும் உண்டு. 2021 ஏப்ரலில் வந்த பாக்மேன் 99 ஒரே சமயத்தில் 99 பேர் போட்டியிடும் ஆட்டம். 2023 அக்டோபரில் அதன் சேவையை நிறுத்தினார்கள். அந்தப் போட்டி அத்தோடு மறைந்தது. 1980ஆம் ஆண்டுப் பெட்டிகளோ செம்மையாகப் பேணப்பட்ட இடங்களில் இன்றும் ஓடுகின்றன. பெட்டியே அழிந்தாலும் ஆட்டம் அழியாதிருக்க, இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997இல் 'மாமே' என்னும் மென்பொருளைத் தொடங்கி, பழைய யந்திரத்தின் உள்ளுறுப்புக்களைக் கணினிக்குள்ளேயே நடிக்கவைத்தார். நியூயோர்க்கின் நவீன கலைக் கூடமும் 2012இல் பாக்மேன் உட்படப் பதினான்கு ஆட்டங்களை ஓவியங்களுக்கு ஒப்பாகத் தன் சேகரிப்பில் ஏற்றது. ருவான்வெல்லையில் வெள்ளையர் காலத்துக் கோட்டை பின்னர் வாடிவீடாயிற்று. கோட்டை வாயில் நின்றதால் வழிப்போக்கர் அதன் பழமையை அறிந்தனர். வாயிலையும் இடித்துவிட்டுக் கட்டியிருந்தால் யார் அறிவார்?

மாணவர்க்கு ஒன்று. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் பயில்வோர் பைதன் மொழியைக் கற்கின்றனர். கற்றதைப் பரீட்சைத் தாளோடு விட்டுவிடாமல், ஸ்பேஸ் இன்வேடர்ஸ் போன்றதொரு ஆட்டத்தைத் தாமே ஆக்கிப் பார்க்கலாம். இதற்கு ஒரு பழங் கணினி போதும். சில பாடசாலைகளில் பூட்டிய அறைக்குள் உறங்கும் கணினிகளை எழுப்புவதற்கும் இது நல்ல காரணம். எதிரிகளைப் பட்டியலாக வைத்துக்கொள்ளுதல், ஒன்று விளிம்பைத் தொட்டதும் யாவற்றையும் ஒரு படி இறக்கித் திசை மாற்றுதல், குண்டு பட்டதா என்று ஆயங்களை ஒப்பிடுதல்: பட்டியல், வளையம், நிபந்தனை என வகுப்பிற் கற்றவையே யாவும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரே ஒரு பிராணியை நகர்த்தும்படி எழுதினால், நிஷிகாடோ கண்ட அந்த விந்தை உங்கள் திரையிலும் தானே நிகழும்.

சட்டம் குறுக்கிடுமோ என்று அஞ்சுவோர்க்கும் விடையுண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நமது நாட்டில் கணினி நிரல்களைக் காக்கின்றது. வெறும் எண்ணத்திற்கு அப்பாதுகாப்புக் கிடையாது. துரத்துவதும் தப்புவதும் எவருடைய சொத்துமல்ல; பாக்மேனின் உருவமும் பெயரும் இசையும் சொத்துக்களே. 1982இல் அமெரிக்காவில், கே.சி. மன்ச்கின் என்னும் ஆட்டம் பாக்மேனின் உருவங்களை மிகவும் ஒத்திருக்கின்றதென்று அட்டாரி வழக்காடியபோது மேன்முறையீட்டு நீதிமன்றம் அட்டாரியின் பக்கமே நின்றது.

ஆகவே உருவங்களை நீங்களே வரையுங்கள். மேலிருந்து வரிசை வரிசையாய் இறங்குபவை கணவாயும் நண்டுமாக இருக்கவேண்டுமென்பது யார் விதித்தது? மழை நாளில் றப்பர் மலையில் நம் கால்களைத் தேடி வரும் ஐம்பத்தைந்து அட்டைகள் போதும். நான்கு அரண்களுக்கு நான்கு றப்பர் மரங்கள். பீரங்கிக்குப் பதிலாக ஒரு சவர்க்காரக் கட்டி.